திருகோணமலையில் அப்பம்மாவின் நாற்சார் வீடு: சுவருக்கு என்ன செய்யலாம்?

கடலோரத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டில், நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள சுண்ணாம்புச் சுவர் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து, கை வைத்தாலே மாவாக உதிர்கிறது. கொத்திவிட்டு சீமெந்து பூசச் சொல்கிறார் மேசன். வீட்டின் வயதும் தெரியவில்லை. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டபோது இந்த விறாந்தையிலிருந்துதான் ஓடினோம் என்று அப்பம்மா சொல்வா.

பதில் 1:
தயவுசெய்து சீமெந்து வேண்டாம் அண்ணை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சீமெந்து அதை உள்ளேயே அடைத்துவிடும், அப்புறம் ஈரமும் உப்பும் இன்னும் மேலே ஏறும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் மூன்று பங்கு, அதுதான் சரி. அதற்கு முதல் முற்றத்துப் பீலி, அதுதான் கூரைத் தண்ணீரை ஏந்தி வெளியே விடும் தகரக் கால்வாய், ஒழுகுகிறதா என்று பாருங்கோ.

பதில் 2:
வயதுக்கு ஒரு தட்டோட்டைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். மங்களூரில் ஓடு செய்த பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனின் முத்திரை இருந்தால் அந்த ஓடு 1865க்குப் பிந்தியது, அவர்களுடைய ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே அப்போதுதான். சுவர் அதைவிட மூத்ததாகவும் இருக்கலாம், கூரையை இடையில் மாற்றியிருப்பார்கள்.

கேட்டவர்:
குசினிப் பக்க ஓடு ஒன்றைக் கழற்றித் துடைத்தேன் தம்பி. புகைக்கரிக்குள் 'மங்களூர்' என்ற எழுத்து பளிச்சென்று இருக்கிறது! பீலியும் இரண்டு இடத்தில் ஓட்டை. மேசனை நிற்கச் சொல்லிவிட்டேன்.