மாத்திரை போட்டு இறங்கிய காய்ச்சல் கணக்கில் வருமா?

சாக்பீஸ் (இரவு 9:12)
நேற்று ‘பொறுப்பான அப்பா’ இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஃப்ளூ சீசனுக்கு வீடும் பள்ளியும் எப்படித் தயாராக வேண்டும் என்று நீளமாக எழுதியிருந்தார். தடுப்பூசி போடுங்கள், பிள்ளைகளை 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள், பிள்ளை படுத்தால் யார் லீவு போடுவது என்று இப்போதே பேசி வையுங்கள். எல்லாம் சரி. நடுவில் நைசாக ஒரு வரி: “காய்ச்சல் இறங்கி 24 மணி நேரம் ஆனால் பள்ளிக்கு அனுப்பலாம், தேவைப்பட்டால் காலையில் ஒரு பாராசிட்டமால் கொடுத்து அனுப்புங்கள்.”

விதி ‘காய்ச்சல் மருந்து இல்லாமல் 24 மணி நேரம்’. அந்த ‘மருந்து இல்லாமல்’ என்பதை மட்டும் விழுங்கிவிட்டு மீதியை எழுதியிருக்கிறார். போன வருடம் என் வகுப்பில் ஒரே வாரத்தில் 11 பேர் படுத்தார்கள். இந்த மாதிரி அப்பாக்கள்தான் காரணம்.

பொறுப்பான அப்பா (9:31)
டீச்சர், நான் எழுதியது நேற்று. உங்கள் வகுப்பு படுத்தது போன வருடம். என் எழுத்து பின்னோக்கியும் பரவும் என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

‘தேவைப்பட்டால்’ என்றுதான் எழுதினேன். உடம்பு வலிக்கும் தலைவலிக்கும் அதே மாத்திரைதான். காய்ச்சல் முந்தாநாளே விட்டாயிற்று, தலைவலி மட்டும் பாக்கி, ஒரு மாத்திரை கொடுத்தேன். இதில் என்ன குற்றம்?

சாக்பீஸ் (9:38)
மாத்திரை கொடுத்த பிறகு காய்ச்சல் விட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும்? கேள்வியே அதுதானே! ஏழரைக்குக் கொடுத்தால் நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். வாசலில் நீங்கள் விடும்போது பிள்ளை துள்ளிக் குதிக்கும். பன்னிரண்டு மணிக்கு மேசையில் தலை சாய்க்கும். அப்போது நீங்கள் போனை எடுக்க மாட்டீர்கள். 17 வருடமாகப் பார்க்கிறேன்.

மூன்றாம் பெஞ்சு (9:44)
ஒரு சின்ன சந்தேகம். காய்ச்சல் என்றால் எத்தனை டிகிரி என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமா? சிலர் 100 ஃபாரன்ஹீட் என்கிறார்கள், சிலர் 100.4 என்கிறார்கள். அக்குளில் வைத்தால் வாயில் வைப்பதைவிடக் குறைவாகக் காட்டும் வேறு.

பொறுப்பான அப்பா (9:50)
நான் போனை எடுக்காத அப்பா இல்லை. முதல் ரிங்கிலேயே எடுப்பவன். இதற்குப் பெயர் அவதூறு.

இரட்டையர் அம்மா (10:05)
டீச்சர், உங்கள் விதிப்படியே வருகிறேன். ராத்திரி 10 மணிக்குக் கடைசி மாத்திரை. அது 4 மணி வரை வேலை செய்யும் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு காய்ச்சல் இல்லை. 24 மணி நேரத்தை 10 மணியிலிருந்து எண்ணுவதா, 4 மணியிலிருந்தா? மறுநாள் ராத்திரி 10 என்றால் அடுத்த காலை பள்ளிக்கு அனுப்பலாம். விடிகாலை 4 என்றாலும் அனுப்பலாம். ஆனால் கடைசி மாத்திரையை ராத்திரி 2 மணிக்குக் கொடுத்திருந்தால்? அங்கேதான் எனக்கு ஒரு நாள் லீவு போகிறது. எனக்கு இரண்டு பேர், ஒருத்தனுக்கு விட்டால்தான் அடுத்தவனுக்கு ஆரம்பிக்கும்.

அப்புறம், எங்கள் பள்ளியில் நோய் அறை என்பது ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் ஒரு பெஞ்சு. காய்ச்சலோடு அங்கே உட்காரவைத்துவிட்டு, வருகிறவர் போகிறவர் எல்லார் மேலும் இருமவிடுகிறார்கள். தயாராக வேண்டியது நாங்கள் மட்டுமா?

சாக்பீஸ் (10:11)
4 மணியிலிருந்துதான். மருந்து உடம்பில் வேலை செய்கிற நேரம் ‘மருந்து இல்லாமல்’ ஆகாது. தமிழ் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

பொறுப்பான அப்பா (10:14)
10 மணியிலிருந்து. மருந்து கொடுத்த நேரம்தான் கடிகாரத்தில் தெரியும். அது எப்போது இறங்கியது என்று குழந்தையின் ரத்தத்தை எடுத்தா பார்ப்பது?

சாக்பீஸ் (10:16)
4.

ஆய்வக மூலை (10:40)
இரண்டு பேரும் கடிகாரத்தை விட்டு இறங்குங்கள். ஃப்ளூ வைரஸ் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவ ஆரம்பிக்கிறது. பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும், சிறு பிள்ளைகளிடம் அதற்கு மேலும் நீளலாம். 24 மணி நேரம் என்பது பள்ளியும் நடக்க வேண்டும், பிள்ளைகளும் பிழைக்க வேண்டும் என்று போட்ட சமரசக் கோடு. 2024 மார்ச்சில் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி புதுப்பித்த வழிகாட்டுதலில், காய்ச்சல் மருந்தில்லாமல் விட்டிருப்பதோடு மற்ற அறிகுறிகளும் மொத்தத்தில் குறைந்திருக்க வேண்டும், பிறகும் 5 நாள் முகக்கவசம், காற்றோட்டம் என்று கூடுதல் கவனம் வேண்டும் என்கிறார்கள். ஜன்னலைத் திறந்து வைப்பது பற்றி இங்கே ஒருவராவது பேசினீர்களா?

உண்மையான தயாரிப்பு சீசனுக்கு முன்னால் நடப்பது. ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர ஏறக்குறைய இரண்டு வாரம். 9 வயதுக்குக் கீழே முதல்முறை போடும் பிள்ளைக்கு நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ். வகுப்பில் பாதி இரும ஆரம்பித்த பிறகு ஓடினால் பலன் தாமதமாகத்தான் வரும்.

சாக்பீஸ் (10:47)
பாருங்கள், ‘மருந்தில்லாமல்’ என்று அவரே சொல்லிவிட்டார். நன்றி, ஆய்வகத்தாரே. மீதியைப் பிறகு படிக்கிறேன்.

கடைசி பஸ் (11:02)
தடுப்பூசி போட்ட மறுநாளே என் பெண்ணுக்குக் காய்ச்சல். ஊசியால்தான் ஃப்ளூ வந்தது. இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆய்வக மூலை (11:09)
ஊசியாகப் போடுவதில் உயிருள்ள வைரஸே இல்லை. அதிலிருந்து ஃப்ளூ வராது. ஓரிரு நாள் லேசான காய்ச்சல், கைவலி வரலாம். அது உடம்பு பாடம் படிப்பது. மூக்கில் அடிக்கும் மருந்தில் மட்டும் வலுவிழக்கச் செய்த வைரஸ் உண்டு. போன முறை பேன் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இதே மாதிரிதான் ‘யாரும் சொல்ல மாட்டார்கள்’ என்று ஆரம்பித்தீர்கள்.

கடைசி பஸ் (11:13)
அந்தப் பேன் விவாதத்தில் நீங்கள் என்னை ‘படிக்காதவர்’ என்றீர்கள். மறக்கவில்லை. மேலும், ஊசி போட்டும் என் பையன் போன வருடம் மூன்று நாள் வாந்தி எடுத்தான். வயிற்று ஃப்ளூ. அப்போ ஊசி எதற்கு?

ஆய்வக மூலை (11:20)
வயிற்று ஃப்ளூ என்று சொல்வது ஃப்ளூவே இல்லை. பெரும்பாலும் நோரோ போன்ற வேறு வைரஸ்கள். அதற்குச் சானிடைசர்கூடச் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். ‘படிக்காதவர்’ என்று நான் சொல்லவில்லை. ‘படித்துவிட்டு வாருங்கள்’ என்றேன்.

கடைசி பஸ் (11:21)
இரண்டும் ஒன்றுதான்.

இரட்டையர் அம்மா (11:30)
பேனை விடுங்கள். 100 சதவீத வருகைக்கு மேடையில் சான்றிதழ் கொடுக்கிறீர்களே டீச்சர், அதைப் பற்றி ஒரு வார்த்தை? பெரியவன் போன வருடம் 101 டிகிரியில் அழுதுகொண்டே ஷூ மாட்டினான், சான்றிதழ் போய்விடும் என்று. ‘அனுப்பாதீர்கள்’ என்று சுற்றறிக்கையும் நீங்கள், ‘ஒரு நாள்கூடத் தவறாதவன்’ என்று கைதட்டுவதும் நீங்கள்.

சாக்பீஸ் (11:36)
சான்றிதழ் நிர்வாகம் கொடுப்பது, நான் கொடுப்பதில்லை. அதற்காக மாத்திரை கொடுத்து அனுப்புவது நியாயமாகிவிடுமா? சொல்லப்போனால் என் மகளே நாலு வருடம் தொடர்ந்து வாங்கியிருக்கிறாள். ஒரு நாள்கூட லீவு கிடையாது.

பொறுப்பான அப்பா (11:37)
நாலு வருடத்தில் ஒருமுறைகூடக் காய்ச்சல் வராத பிள்ளையா? அல்லது காலையில் ஏதாவது கொடுத்து அனுப்பினீர்களா? சும்மா கேட்கிறேன்.

சாக்பீஸ் (11:41)
என் மகளை இழுக்காதீர்கள். அவளுக்குக் காய்ச்சல் எல்லாம் விடுமுறையில்தான் வரும். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்வேன். நீங்கள் ‘மருந்து இல்லாமல்’ என்று உங்கள் பதிவில் சேர்க்கிறீர்களா இல்லையா?

பொறுப்பான அப்பா (11:44)
‘மருத்துவர் சொன்னபடி’ என்று சேர்க்கிறேன்.

சாக்பீஸ் (11:45)
வேண்டாம். ‘மருந்து இல்லாமல்’.

கடைசி பஸ் (11:52)
பாராசிட்டமால் பிடிக்கவில்லை என்றால் ஆஸ்பிரின் கொடுங்கள். எங்கள் காலத்தில் அதுதான்.

ஆய்வக மூலை (11:54)
கொடுக்கவே கூடாது! ஃப்ளூ உள்ள பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ரேய் நோய்க்குறி வரலாம். அரிதுதான், ஆனால் மூளையையும் கல்லீரலையும் அடிக்கும். தயவுசெய்து அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள்.

கடைசி பஸ் (11:58)
மறுபடி ‘படிக்காதவர்’ தொனி. எடுக்க மாட்டேன்.

சாக்பீஸ் (நள்ளிரவு 12:10)
ஆஸ்பிரின் விஷயத்தில் ஆய்வகத்தார் சொல்வது சரி. ஆனால் பாருங்கள், எல்லாரும் எந்த மாத்திரை என்றே பேசுகிறீர்கள். நான் எந்த மாத்திரையும் இல்லாமல் என்கிறேன். கஷ்டப்படும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுங்கள், வீட்டில் வையுங்கள். கொடுத்துவிட்டு என் வகுப்பில் வைக்காதீர்கள். இதை இன்னும் எத்தனை முறை எழுத வேண்டும்?

பொறுப்பான அப்பா (12:14)
இதுவரை ஆறு முறை. எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். என் பதிவுக்கு 40 பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

சாக்பீஸ் (12:15)
அந்த 40 பேரின் பிள்ளைகளும் எந்தப் பள்ளி என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாமல் இருப்பேன்.

இரட்டையர் அம்மா (விடிகாலை 5:20)
சின்னவனுக்கு உடம்பு சுடுகிறது. 99.8 காட்டுகிறது. ராத்திரி 1 மணிக்கு மாத்திரை கொடுத்தேன். இன்று இவனுக்குத் தேர்வு. பள்ளியில் கேட்டால் மருத்துவச் சான்று வேண்டும் என்பார்கள்.

மூன்றாம் பெஞ்சு (5:31)
அக்குளிலா, வாயிலா?

சாக்பீஸ் (5:33)
1 மணிக்கு மாத்திரை என்றால் 7 மணிக்குத்தான் கணக்கே தொடங்கும்.

பொறுப்பான அப்பா (5:34)
1 மணியிலிருந்தே தொடங்கும்.