பூந்திக்கொட்டைச் சாறு: சிவப்பணு உடையாமல் காக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். கால்நடை ஒட்டுண்ணியியலில் ஆய்வு மாணவி நான். கோழிகளின் ரத்தக் கழிச்சல் தடுப்பூசிக்குத் துணைப்பொருளாக, அதாவது தடுப்பூசியின் பலனைக் கூட்டும் பொருளாக, பூந்திக்கொட்டைச் சாற்றைச் சோதிக்கிறேன்.

2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ் மலேரியா தடுப்பூசியில் சிலி நாட்டுக் குயில்லாயா மரப்பட்டையின் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது. 2023-இல் வந்த ஆர்21 மலேரியா தடுப்பூசியிலும் அதே மரம்தான். சோப்பு போல நுரைக்கும் ஒரு பட்டை குழந்தைகளைக் காக்கிறது என்றால், நம்மூர்ப் பூந்திக்கொட்டையையும் ஒரு கை பார்க்க வேண்டாமா?

ஆனால் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். கொட்டையை நீக்கி, தோலை மட்டும் ஊறவைத்து எடுத்த சாறு அது. கோழியின் சிவப்பணுக்களோடு கலந்தால் அரை மணி நேரத்தில் கலங்கல் போய்க் குழாய் பளிச்சென்று தெளிந்த சிவப்பாகிவிடுகிறது. அணுக்கள் அத்தனையும் உடைந்துவிடுகின்றன. இதைக் கோழிக்கு ஊசியாகப் போட எனக்கு மனசு வரவில்லை.

ஆர்டிஎஸ்,எஸ்-இல் கொலஸ்ட்ரால் கலந்த லிப்போசோமில் (நுண்ணிய கொழுப்புக் குமிழியில்) வைத்து இந்தக் குணத்தை அடக்குகிறார்கள். சாதாரண ஆய்வகத்தில் அதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? கொலஸ்ட்ரால் எந்த விகிதத்தில் சேர்த்தீர்கள்? அப்புறம், சப்போனின்களைத் தனித்தனியாகப் பிரிக்கக் குறைந்த செலவில் என்ன வழி? தோற்றுப்போன முயற்சியானாலும் சொல்லுங்கள், எனக்கு அதுவும் வேண்டும்.