பாப்பாரப்பட்டிக்கு வேரோடு போன தக்காளிச் செடி

நாங்கள் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம். கிணற்றுப் பாசனம். தக்காளி, நடுவில் கொஞ்சம் கத்தரி, மறுபடியும் தக்காளி என்றுதான் எங்கள் கொல்லை ஓடும். முந்தின வருஷம் ஆடிப் பட்டத்தில் நட்ட தக்காளி, காய் பிடிக்கிற நேரத்தில் மதியமானால் தலை தொங்கியது. சாயங்காலம் நிமிரும், மறுநாள் வெயில் ஏறினால் திரும்பவும் தொங்கும். செடி குட்டையாகவே நின்றுவிட்டது.

மாமா மருந்துக் கடையில் போய்ச் சொன்னார். வாடல் நோய் என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். கேட்கவில்லை என்றதும் வேறொன்று. செடி எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்கவே இல்லை. கடனுக்குக் கொடுப்பது கடைதான் என்பதால் எங்கள் பக்கம் வைத்தியமும் அங்கேயே முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு.

பக்கத்துக் கொல்லை அக்காதான், “பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போம்மா. இலையை மட்டும் கிள்ளிட்டுப் போவாத, வேரோட எடுத்துட்டுப் போ” என்றார். மண்வெட்டியால் தோண்டி, ஈர மண்ணோடு சாக்கில் சுற்றி எடுத்துப் போனோம்.

அங்கிருந்த சார் முதலில் வேரைத்தான் அலசச் சொன்னார். வேர் நெடுக மணி மணியாக முடிச்சு. “நூற்புழுங்க. மண்ணுக்குள்ள இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பூஞ்சாண மருந்து அடிச்சு இது போகாது” என்றார். மாமா விடவில்லை: “கடலைச் செடி வேர்லயும் முடிச்சு இருக்குமே சார், அது நல்லதுன்னுதானே சொல்றாங்க?” அதற்கு அவர் பொறுமையாக விளக்கினார். கடலை, பயறு வேரில் இருப்பது தழைச்சத்து சேர்க்கிற நல்ல முடிச்சு, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் உதிரும். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும். பிய்த்தால் வேரும் சேர்ந்து வரும். இந்த ஒரு விளக்கத்துக்காகவே அங்கே போயிருக்கலாம்.

நிற்கிற செடியை முழுசாகத் தேற்ற முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். பறிப்பு முடிந்ததும் செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, கோடை உழவு ஓட்டச் சொன்னார். அடுத்த பட்டம் தக்காளி, கத்தரி, வெண்டை எதுவும் வேண்டாம், செண்டுமல்லி போடுங்கள் என்றார். அதன் வேரில் இருக்கிற ஒரு பொருள் நூற்புழுவைக் குறைக்குமாம். மறுபடி தக்காளிக்கு வரும்போது ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, மண் பாத்தியில் விட்ட நாற்று இல்லாமல் தென்னை நார்க் கழிவில் வளர்த்த குழித்தட்டு நாற்று. செண்டுமல்லி ஆயுத பூஜைக்கு விலை போகும் என்பதால் மாமாவும் உடனே சரி என்றுவிட்டார். தை மாசம் நட்ட தக்காளி வெயிலில் தொங்கவில்லை. அங்கங்கே பிடுங்கிப் பார்த்ததில் முடிச்சு இல்லாமல் இல்லை, ஆனால் ரொம்பக் குறைவு.

வீட்டுத் தோட்டம் வைத்திருக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் நான் போட்டிருந்த வெண்டையைப் பிடுங்கினேன், அதே முடிச்சு. மண்வெட்டியில் ஒட்டுகிற மண்ணே போதும், இடம் மாறிவிடும். சின்னப் பாத்திக்கு அங்கே சொன்ன வழி எனக்குப் பிடித்தது: நல்ல கோடையில் மண்ணை நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளை இழுத்து மூடி, ஓரமெல்லாம் மண் அணைத்து 4 முதல் 6 வாரம் விட்டுவிடுவது. வெயில் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். அப்புறம் கீரையும் அவரையும் நன்றாகவே வந்தன.

கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் காவேரிப்பட்டணம் அருகே பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கே போனாலும், நூற்புழு பார்க்க எடுக்கிற மண்ணைக் காய வைக்காதீர்கள். வேரடி மண்ணை ஈரத்தோடும் வேரோடும் பாலித்தீன் பையில் கட்டி, நிழலில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். உரச்சத்து பார்க்கிற மண்ணை மட்டும்தான் நிழலில் உலர்த்திக் கொடுக்க வேண்டும்.