வானிலை விட்ஜெட் காலை நேரத்திலேயே நின்றுவிடுகிறது: என்ன செய்வது?

வடுவூர் விவசாயி

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் குறுவை அறுவடை முடித்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் நெல்லைக் கொட்டி வைத்துவிட்டு முறைக்காகக் காத்திருக்கிறேன். ஈரப்பதம் 17 சதவீதத்திற்குள் இருக்க வேண்டும் என்பதால், வெயில் அடித்தால் தார்ப்பாயை விலக்குவதும் மேகம் கூடினால் மூடுவதுமாகவே பகல் கழிகிறது. இதற்காகவே ஆண்ட்ராய்டு கைப்பேசியின் முகப்புத் திரையில் ஒரு வானிலைச் செயலியின் விட்ஜெட்டை, அதாவது செயலியைத் திறக்காமலே வானிலையைக் காட்டும் சிறு பெட்டியை, வைத்திருக்கிறேன்.

நேற்றுப் பிற்பகல் அது தெளிந்த வானம் என்று காட்டியதை நம்பிச் சாப்பிடப் போனேன். திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டு, ஓரமாகக் கிடந்த ஏழெட்டு மூட்டை நெல் நனைந்துவிட்டது. பிறகு உற்றுப் பார்த்தபோதுதான் விட்ஜெட்டின் மூலையில் சிறிய எழுத்தில் காலை 6.10 என்று இருந்தது தெரிந்தது. செயலியைத் திறந்தால் புதிய தகவல் உடனே வருகிறது, விட்ஜெட்டும் அப்போது மாறுகிறது. மூடியபின் மறுபடி நின்றுவிடுகிறது. விட்ஜெட்டை நீக்கித் திரும்ப வைத்தேன், கைப்பேசியை அணைத்துப் போட்டேன், பயனில்லை. பேட்டரி சீக்கிரம் தீரக்கூடாது என்று எல்லாச் செயலிகளையும் ரீசென்ட்ஸ் திரையிலிருந்து (அண்மையில் திறந்த செயலிகள் வரிசையாகத் தெரியும் திரை) அவ்வப்போது தள்ளி மூடும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் இப்படி ஆகுமா?

கும்பகோணம் கைப்பேசிக் கடை

நெல் நனைந்தது கேட்டு மனம் வருந்துகிறது, ஐயா. கடைசியாக நீங்கள் கேட்டதிலேயே பாதி விடை இருக்கிறது.

விட்ஜெட் தானாக இயங்குவதில்லை. செயலி கடைசியாக வரைந்து கொடுத்த படத்தை முகப்புத் திரை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். செயலி விழித்து அடுத்த படத்தைக் கொடுக்காதவரை, காலையில் வந்த வெயில் படம் மாலை மழையிலும் அங்கேயே இருக்கும். செயலியைத் திறந்தால் சரியான தகவல் வருகிறது என்கிறீர்கள். ஆகவே இணைய இணைப்பிலும் செயலியிலும் பழுதில்லை, பின்னணியில் அது விழிப்பதைத்தான் ஏதோ தடுக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இல் டோஸ் என்ற ஏற்பாடு சேர்க்கப்பட்டது. திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல், அசையாமல் கிடக்கும் கைப்பேசியில் செயலிகளின் பின்னணி வேலைகளை அது ஒத்திப்போடும். அடுத்த பதிப்பிலிருந்து, சட்டைப் பையில் அசைந்துகொண்டிருக்கும் கைப்பேசியிலும் ஓரளவுக்கு இது நடக்கிறது. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9, அரிதாகத் திறக்கும் செயலிகளுக்குப் பின்னணி வாய்ப்பை மேலும் குறைத்தது. இவற்றுக்கு மேல், சில கைப்பேசித் தயாரிப்பாளர்கள் தாங்களாகவே கடுமையான கட்டுப்பாடுகளைச் சேர்த்திருக்கிறார்கள். பொதுவான ஆண்ட்ராய்டில் ரீசென்ட்ஸிலிருந்து தள்ளுவது செயலியை முற்றாக நிறுத்துவதில்லை. ஆனால் இவர்களுடைய கைப்பேசிகள் சிலவற்றில் அது ஃபோர்ஸ் ஸ்டாப் (கட்டாய நிறுத்தம்) செய்ததற்கே சமம், நீங்கள் மறுபடி திறக்கும்வரை அந்தச் செயலி எழாது.

ஆகவே அந்த ஒரு செயலியை மட்டுமாவது தள்ளி மூடுவதை விட்டுவிடுங்கள். அமைப்புகளில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய், பேட்டரிப் பயன்பாட்டைக் கட்டுப்பாடற்றதாக மாற்றுங்கள்; ஆட்டோஸ்டார்ட் என்று, செயலி தானாகத் தொடங்க விடும் ஓர் அனுமதி இருந்தால் அதையும் இயக்குங்கள். டேட்டா சேவர் இயங்குகிறதா என்றும் பாருங்கள். அது இயங்கும்போது, திரையில் திறந்திருக்கும் செயலிக்கு டேட்டா கிடைக்கும், பின்னணியில் இருப்பதற்குக் கிடைக்காது. அப்போதும் நீங்கள் சொன்ன அதே அறிகுறிதான் தெரியும்.

திருவாரூர் ஆசிரியை

இருப்பிட அனுமதியையும் பாருங்கள். வானிலைச் செயலிக்கு, பயன்படுத்தும்போது மட்டும் என்று அனுமதி கொடுத்திருந்தால், பின்னணியில் விழித்தாலும் எந்த ஊருக்கு வானிலை கேட்பது என்று அதற்குத் தெரியாமல் போகலாம். எப்போதும் அனுமதி என்று மாற்றலாம்; ஆனால் களத்தை விட்டு நகராத உங்களுக்கு, விட்ஜெட்டின் அமைப்பிலேயே மன்னார்குடி என்று ஊரை நிலையாகக் கொடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. பேட்டரியும் மிச்சமாகும்.

இன்னொன்று: பேட்டரிக் கட்டுப்பாட்டை எல்லாச் செயலிகளுக்கும் நீக்கிவிடாதீர்கள். என் தம்பி அப்படிச் செய்து, மதியத்திற்குள் சார்ஜ் இல்லாமல் நின்றான்.

வடுவூர் விவசாயி

இருவருக்கும் மிக்க நன்றி. டேட்டா சேவர் இயக்கத்தில்தான் இருந்தது. மாதக் கடைசியில் டேட்டா தீராமல் இருக்க என் மகள் போட்டு வைத்ததாம். அதில் இந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, ஊரையும் நிலையாகக் கொடுத்தேன். இரண்டு நாட்களாக அரை மணிக்கு ஒருமுறை தவறாமல் நேரம் மாறுகிறது. ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை மாறும்படி செய்ய வழி உண்டா?

கும்பகோணம் கைப்பேசிக் கடை

பொதுவாக அதற்கு வழியில்லை, ஐயா. விட்ஜெட் தானாகப் புதுப்பித்துக்கொள்ள ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் கால அளவை 30 நிமிடத்திற்குக் கீழே குறைக்க முடியாது. வேறு முறையில் பின்னணி வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்படி செயலியை எழுதியிருந்தாலும், அதற்கும் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். ஐபோனிலும் ஆப்பிள் கணக்குப்படி, அடிக்கடி பார்க்கும் விட்ஜெட்டுக்கு ஒரு நாளில் 40 முதல் 70 முறை வரைதான் புதுப்பிப்பு கிடைக்கும்.

ஐப்பசியில் நம் பக்கம் மழை திரள அரை மணி நேரம்கூட ஆவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். நெல் திறந்து கிடக்கும் வேளையில் கிழக்கே இருட்டினால், விட்ஜெட்டைப் பார்க்காமல், வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் காரைக்கால் ரேடார் படத்தைத் திறந்து பாருங்கள். மேகம் எந்தப் பக்கமிருந்து நகர்கிறது என்பது அதில் தெரியும். அந்தப் பக்கத்திற்கு முகப்புத் திரையிலேயே ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டால், தார்ப்பாயைக் கையில் பிடித்திருக்கும்போதும் ஒரே தொடுதலில் திறக்கலாம்.