வேனில் டிவி பார்க்க டிஷ்ஷா அன்டெனாவா? மலைநாட்டில் எது சரிவரும்?

கொட்டகலை தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பழைய ஹைஏஸ் வேன் ஒன்றில் படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேம்பராக மாற்றிக்கொண்டிருக்கிறோம். வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது, டிவிதான் பாக்கி. அப்பாவும் எங்களுடன் வருவார். அவருக்கு இரவுச் செய்தியும் கிரிக்கெட்டும் இல்லாமல் முடியாது, போனின் சின்னத் திரையில் பார்க்கக் கண்ணும் இடம் கொடுப்பதில்லை. போகப்போவது நுவரெலியா, வெலிமடை, ஹப்புத்தளை, எல்ல பக்கம். ஆன்லைனில் பார்த்தால் கூரையில் பொருத்தும் வட்ட அன்டெனா, தானாகவே திரும்பிச் சிக்னல் பிடிக்கும் டிஷ் என்று என்னென்னவோ இருக்கிறது, சிலவற்றின் விலை வேனின் விலையில் பாதி வரும் போல. டிவியையும் சேர்த்து 50,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. எதை வாங்கலாம்?

பண்டாரவளை வாசி எழுதியது:

தம்பி, கூரையில் நிரந்தரமாக எதையும் பொருத்த வேண்டாம். வெளிநாட்டில் கேம்பர் வைத்திருப்பவர்கள் அந்த வட்ட அன்டெனாவை வாங்குவது, சமதரையில் எந்தப் பக்கமிருந்து வரும் சிக்னலையும் அது எடுத்துக்கொள்ளும் என்பதால்தான். நம்முடைய மலையில் அந்தக் குணமே தொல்லை. ஒரே சிக்னல் நேராகவும் வரும், எதிர் மலையில் பட்டுத் திரும்பியும் வரும், வட்ட அன்டெனா இரண்டையும் பிடித்து ஒரு முகத்துக்குப் பின்னால் இன்னொரு முகம் தெரிகிற மாதிரிப் படம் காட்டும். வீட்டுக் கூரைகளில் இருக்கிற, ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் கம்பி அன்டெனா இருக்கிறதே, அதில் சின்னதாக ஒன்று வாங்குங்கள். ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் அலுமினியக் குழாய் ஒன்று, பத்து மீட்டர் ஆர்ஜி-6 வயர் (சாதாரண டிவி கேபிள்), அவ்வளவுதான். வேனை நிறுத்தியதும் குழாயை ஏற்றி மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் ஆரம்பித்ததிலிருந்து பிதுருதலாகலை உச்சியில்தான் அதன் பெரிய ஒளிபரப்பு நிலையம், 2,524 மீட்டர் உயரம். அந்த மலை நேராகத் தெரிகிற இடத்தில் நிறுத்தினால் சாதாரண அன்டெனாவே போதும். நடுவில் ஒரு மலை மறைத்தால் பூஸ்டர் போட்டும் பெரிய பலன் இருக்காது, வருகிற இரைச்சலையும் சேர்த்துத்தான் அது பெருக்கும்.

இன்னொன்று, கடையில் 'டிஜிட்டல் அன்டெனா' என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள். அன்டெனாவில் டிஜிட்டல், அனலாக் என்று எதுவும் இல்லை. ஆன்லைனில் மலிவாக வருகிற, டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறைக்கான பெட்டியும் வேண்டாம். இலங்கை 2014இல் தெரிவு செய்தது ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி என்ற வேறு டிஜிட்டல் முறையை, வீடுகளில் அன்டெனாவில் பார்ப்பதோ இன்னும் பெரும்பாலும் பழைய அனலாக்தான். அதற்கு டிவியில் இருக்கும் டியூனரே போதும்.

மலைச்சாரல் எழுதியது:

அண்ணன் சொல்வது சரி, ஆனால் பள்ளத்தாக்குகளில் அன்டெனா கைவிட்டுவிடும், கிரிக்கெட்டுக்கும் அதை மட்டும் நம்ப முடியாது. என் யோசனை, 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றை முக்காலியோடு வேனுக்குள் வைத்துக்கொள்வது. டயலொக் டிவி என்ற கட்டணச் சட்டலைட் சேவையின் பிரீபெய்ட் டிகோடர் என்றால் பயணம் போகும்போது ரீலோட் செய்தால் போதும். தானாகத் திரும்பும் டிஷ்ஷுக்குக் கொட்டுகிற காசுக்கு, சிக்னல் வலுவைக் காட்டும் மலிவான சட்டலைட் ஃபைண்டர் மீட்டர் ஒன்றும் திசைகாட்டியும் வாங்கிவிட்டுக் கையாலேயே திருப்பலாம். பழகிவிட்டால் பெரிய வேலையே இல்லை.

டயலொக் டிவி வருகிற சட்டலைட் 45 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, நாம் அதற்கும் கிழக்கே இருக்கிறோம். நம் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏறக்குறைய நேர் மேற்கு, கொஞ்சம் தெற்குப் பக்கமாக, ஏறத்தாழ 48 பாகை உயரத்தில். ஆகவே வேன் நிறுத்த இடம் பார்க்கும்போது மேற்குப் பக்கம் திறந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இந்த வகை டிஷ்ஷில் எல்என்பி, அதாவது முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் தலை, கீழே தள்ளி இருப்பதால், டிஷ் உண்மையில் பார்க்கிற உயரத்தைவிட நிமிர்ந்து நிற்பதுபோல் தெரியும். அதைப் பார்த்துக் குழம்பி மேலும் மல்லாத்திவிட வேண்டாம். திசை தெரியாவிட்டால் பக்கத்து லயத்துக் கூரைகளில் உள்ள டிஷ்களைப் பாருங்கள், அதிகம் சாயாமல் நிமிர்ந்து மேற்குப் பக்கம் பார்த்து நிற்பவைதான் உங்களுக்கு வழிகாட்டி. வானத்தைப் பார்த்து நன்றாகச் சாய்ந்திருப்பவை இந்தியச் சேவைகளுக்கானவை, அவற்றின் பக்கம் திருப்பினால் ஒன்றும் வராது. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசியிலும் இன்னும் சுலபம், பிற்பகல் 3 மணி வாக்கில் சூரியன் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கும். டிஷ் வைக்கப்போகிற இடத்தில் அந்த நேரம் வெயில் விழுந்தால் மரமோ மலையோ மறைக்கவில்லை என்று அர்த்தம்.

மூடுபனிக்குப் பயப்பட வேண்டாம், அது சிக்னலைப் பெரிதாகத் தொடாது. அடைமழைதான் வெட்டும். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரைக்கும் அது நடக்கும், பதுளைப் பக்கம் டிசம்பர், ஜனவரியில். நனைந்த இலை குறுக்கே நின்றாலும் படம் போய்விடும், யூகலிப்டஸ் தோப்புக்குக் கீழே நிறுத்துவதைத் தவிருங்கள்.

வெலிமடை எலக்ட்ரீசியன் எழுதியது:

கரண்டைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. டிவி வாங்கும்போது பின்னால் இருக்கிற லேபலைப் பாருங்கள், 12 வோல்ட் அடப்டரில் ஓடுகிற 24 அங்குல டிவியாக எடுங்கள். பெரும்பாலும் 30 வாட் அளவுதான் இழுக்கும். டிகோடரையும் சேர்த்தால் 45 வாட், அதாவது 4 அம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. இரவு 4 மணி நேரம் பார்த்தாலும் 15 அம்பியர்-மணிதான் போகும். வேன் ஸ்டார்ட் ஆகிற பேட்டரியில் கை வைக்காமல் தனியாக 100 அம்பியர்-மணி பேட்டரி ஒன்று போடுங்கள், சாதாரண ஈய பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்க வேண்டாம். இன்வெர்ட்டர் வேண்டியதில்லை, 12ஐ 230 ஆக்கித் திரும்ப 12 ஆக்குவது வீண் செலவு. ஆனால் நேராகக் கொடுக்கவும் கூடாது. எஞ்சின் ஓடும்போது வோல்டேஜ் 14ஐத் தாண்டும், சில டிவிகள் அதைத் தாங்காது. நடுவில் 12 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்றும் ஃபியூஸும் கட்டாயம்.

கொட்டகலை தம்பி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அப்படியென்றால் அன்டெனாவையும் டிஷ்ஷையும் சேர்த்தே வாங்கிவிடுகிறேன், இரண்டையும் கூட்டினாலும் ஆன்லைனில் பார்த்த ஒரு வட்ட அன்டெனாவின் விலைக்குக் கீழேதான் வரும் போலிருக்கிறது. ஒரு கேள்வி மட்டும், இடி மின்னல் நேரம் என்ன செய்வது? குழாய் உயரமாக நிற்குமே, அப்பாவும் பிள்ளைகளும் வேனுக்குள் இருப்பார்கள்.

வெலிமடை எலக்ட்ரீசியன் எழுதியது:

தூரத்தில் முழக்கம் கேட்கத் தொடங்கியதுமே குழாயை இறக்கி, வயரை டிவியிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள், டிஷ் வயரையும் அப்படியே. தலைக்கு மேல் மின்னல் வந்த பிறகு போய்க் குழாயைத் தொடாதீர்கள், அப்போது அது நிற்கட்டும், நீங்கள் வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருங்கள். ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் பிற்பகலில்தான் இடி அதிகம், அந்த மாதங்களில் பகல் 2 மணிக்குப் பிறகு குழாயை ஏற்றிவைத்துவிட்டு ஊர் பார்க்கப் போக வேண்டாம்.