இரண்டாம் வருடத்தில் படிப்பை விட்டவருக்கு ஸ்டூடண்ட் ஃபைனான்ஸ் (அரசுக் கல்விக் கடன்) மறுபடி கிடைக்குமா?

ஹரோ_தம்பி:
வணக்கம். லண்டனில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்து முதல் வருடம் பாஸ் பண்ணினேன். இரண்டாம் வருடம் தொடங்கி நவம்பரில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக். அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, ஆஸ்பத்திரி, வீடு, கடை எல்லாவற்றையும் நான்தான் பார்க்க வேண்டியிருந்ததால் படிப்பை விட்டுவிட்டேன். இப்போது மூன்று வருட அக்கவுண்டிங் டிகிரிக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒரு வருட ஃபீஸ் கையிலிருந்துதான் கட்ட வேண்டும் என்கிறார் ஒருவர், முழுதாக லோன் வரும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

ஈஸ்ட்ஹாம்_அக்கா:
தம்பி, அப்பா இப்போது தேறிவிட்டாரா?

இங்கிலாந்தில் கணக்கு இதுதான்: புதுப் படிப்பின் வருடங்களோடு ஒன்றைக் கூட்டி, முன்பு படித்த வருடங்களைக் கழிப்பார்கள். உங்களுக்கு 3+1-2, அதாவது இரண்டு வருட டியூஷன் ஃபீ லோன். இரண்டாம் வருடத்தில் நீங்கள் இருந்தது நவம்பர் வரைதான், லோனிலும் முதல் டெர்முக்கான கால் பங்கு ஃபீஸ்தான் போயிருக்கும், ஆனாலும் அதை முழு வருடமாகவே எண்ணுவார்கள். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது, ஆனால் விதி அப்படி. கிடைக்கும் இரண்டும் கடைசி இரண்டு வருடங்களுக்குப் போய்விடும், முதல் வருட ஃபீஸ் (2025-26இல் அதிகபட்சம் 9,535 பவுண்ட்) உங்கள் தலையில் விழும்.

ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். 'கம்பெல்லிங் பெர்சனல் ரீசன்ஸ்' (தவிர்க்க முடியாத சொந்தக் காரணங்கள்) என்று ஒரு வழி இருக்கிறது. நோய், வீட்டில் மரணம், கர்ப்பம், வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை போன்ற காரணத்தால் படிப்பு நின்றிருந்தால், ஆதாரத்தோடு எழுதிக் கேட்கலாம், ஒப்புக்கொண்டால் இன்னொரு வருடம் தருவார்கள். உங்களுக்கு மூன்று வருடமும் சரியாகிவிடும். கடிதத்தில் ஸ்டூடண்ட் ஃபைனான்ஸ் உங்களுக்குக் கொடுத்த கஸ்டமர் ரெஃபரன்ஸ் நம்பரைப் போடுங்கள். அப்பா எந்தத் தேதியில் அட்மிட் ஆனார், வீட்டில் வேறு யாரும் ஏன் பார்க்க முடியவில்லை, எந்த வாரத்திலிருந்து வகுப்புக்குப் போகவில்லை என்று விவரமாக எழுதுங்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் லெட்டர், ஜிபி (குடும்ப டாக்டர்) கடிதம், பழைய பல்கலைக்கழகத்தின் கடிதம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். 'குடும்பப் பிரச்சினை' என்று ஒரு வரி எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது.

குறொய்டன்வாசி:
அக்கா சொன்னது ஃபீஸ் லோனுக்கு மட்டும். டிகிரி முடிக்காதவருக்கு மெயின்டனன்ஸ் லோன் (வாழ்க்கைச் செலவுக்கான கடன்) பழைய படிப்பால் குறையாது, முதல் வருடமும் கேட்கலாம். இன்னொன்று, பழைய படிப்பை ஃபாரத்தில் மறைக்க வேண்டாம், நீங்கள் விட்ட தேதி அவர்களிடம் ஏற்கனவே இருக்கும்.

வடமராட்சி_மகள்:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் யாழ்ப்பாணத்தில் பிஎஸ்சி முடித்தேன், அங்கே இலவசக் கல்விதான். கல்யாணமாகி இங்கே வந்து ஒன்பது வருடம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. இந்த நாட்டு அரசிடம் ஒரு பென்னிகூடக் கடன் வாங்கவில்லையே, இன்னொரு டிகிரிக்கு லோன் தருவார்களா?

ஈஸ்ட்ஹாம்_அக்கா:
தங்கச்சி, இதில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். யார் காசில் படித்தீர்கள், எந்த நாட்டில் படித்தீர்கள் என்பதெல்லாம் பொருட்டே இல்லை, கையில் ஆனர்ஸ் டிகிரிக்குச் சமமான பட்டம் இருந்தால் இரண்டாவது டிகிரிக்குப் பொதுவாகக் கிடையாது. சில படிப்புகளுக்கு விலக்கு உண்டு. நர்சிங், மிட்வைஃப்ரி, பிசியோதெரபி போன்றவற்றுக்கு 2017லிருந்து ஏற்கனவே டிகிரி உள்ளவர்களுக்கும் ஃபீஸ் லோன், மெயின்டனன்ஸ் லோன் இரண்டும் கிடைக்கிறது. அதோடு என்எச்எஸ் (அரசு மருத்துவ சேவை) வருடத்துக்கு 5,000 பவுண்ட் தருகிறது, அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ், இன்ஜினியரிங் என்றால் பார்ட் டைமாகச் சேர்ந்து ஃபீஸ் லோன் கேட்கலாம். இதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும், ஸ்காட்லாந்தில் விதி வேறு.

வடமராட்சி_மகள்:
நர்சிங்தான் மனதில் இருந்தது அக்கா! டிகிரி இருப்பதால் கிடைக்காது என்று இத்தனை நாள் கேட்காமலே இருந்துவிட்டேன்.

ஹரோ_தம்பி:
அப்பா இப்போது கைத்தடியோடு நடக்கிறார் அக்கா, கேட்டதற்கு நன்றி. டிஸ்சார்ஜ் லெட்டர் வீட்டில் இருக்கிறது, ஜிபியிடம் நாளைக்கே கேட்கிறேன். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை லோன் விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கலாமா?

குறொய்டன்வாசி:
வேண்டாம், விண்ணப்பத்தை இப்போதே போடுங்கள். கடிதங்களைப் பிறகு அனுப்பலாம், காலம் தாழ்ந்தால் செப்டம்பரில் காசு கைக்கு வராது.