பசிபிக் தாண்டும்போது நடுக்கடல்ல இன்ஜின் நின்னுடுது, உதவி பண்ணுங்க

உலகசுற்றி07
வணக்கம். விமான சிமுலேட்டர்ல கிழக்கு நோக்கி உலகம் சுத்திட்டு இருக்கேன். ஜப்பான் தாண்டியாச்சு, பசிபிக்ல மாட்டிக்கிட்டேன். மூணு தடவை கிளம்பினேன், மூணு தடவையும் கரை வர்றதுக்குள்ள எரிபொருள் தீர்ந்து கடல்ல விழுந்துட்டேன். டேங்க் ஃபுல் பண்ணித்தான் கிளம்புறேன். எந்த செட்டிங்கை மாத்தணும்? கொஞ்சம் அவசரம்.

ஓடுபாதை27
எந்த விமானம்? எங்கிருந்து எங்கே? எந்த சிமுலேட்டர்? எந்த உயரம்? இதெல்லாம் தெரியாம என்ன சொல்றது சார்?

மேகக்கூட்டம்
நேரலை வானிலை போட்டிருந்தால் ஐசிங்தான் (விமானத்தில் பனி உறைவது) காரணம். வட பசிபிக்கில் மேகமும் தாழ்வு, உறைநிலையும் தாழ்வு. இறக்கையில் பனி ஏறினால் வேகம் விழும், அதே தூரத்துக்கு எரிபொருள் கூடுதலாகப் போகும். ஐசிங் விளைவை அணைத்துவிட்டு ஒருமுறை பறந்து பாருங்கள்.

நாலுமடங்கு
சிம் ரேட் (சிமுலேட்டர்ல நேரம் ஓடுற வேகம்) ஏத்தினீங்களா ப்ரோ? 4 மடங்குல வச்சா ஆட்டோபைலட் பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும். பறக்கிற தூரம் கூடும், டேங்க் காலியாகும். எனக்குத் தெரிஞ்சு பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை.

மூத்தகேப்டன்
தம்பி, விமானத்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் உதவி கேட்பது முறையல்ல. ஹவாயிலிருந்து கலிஃபோர்னியாவுக்குச் சுமார் 2,000 கடல் மைல், நடுவில் தரையே கிடையாது. டி.பி.எம் 930 போன்ற வேகமான டர்போப்ராப் விமானத்துக்கே அதிகபட்ச வீச்சு, அதாவது ஒரே மூச்சில் பறக்கும் தூரம், 1,730 தான். வரைபடத்தில் இரண்டு புள்ளியைக் கோடு போட்டு இணைத்தால் அது திட்டம் ஆகிவிடாது. முதலில் விமானத்தின் கையேட்டைப் படியுங்கள்.

உலகசுற்றி07
ஸாரி, சொல்ல மறந்துட்டேன். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, செஸ்னா 172, ஜி1000 திரை வச்சது. ஹவாய் பக்கமே போகல. கம்சட்காவுல பெட்ரோபாவ்லோவ்ஸ்க்ல ஏறி அலாஸ்காவோட அலூஷியன் தீவுகள்ல ஷெம்யா வரைக்கும். 4,500 அடி, த்ராட்டில் முழுசா. நேரலை வானிலை, சிம் ரேட் 1. பனி எதுவும் பிடிக்கல. நேத்து இன்னும் 90 மைல் இருக்கும்போது நின்னுச்சு.

தராசு
இப்போதுதான் பேச முடிகிறது. இரண்டே கேள்வி. இன்ஜின் பட்டையில் எஃப்ஃப்ளோ (மணிக்கு எத்தனை கேலன் எரிகிறது) என்று இருக்குமே, பயண உயரத்தில் அது எவ்வளவு காட்டியது? மிக்சர், அதாவது எரிபொருள்–காற்றுக் கலவையை மாற்றும் பிடி, எங்கே இருந்தது?

மேகக்கூட்டம்
பனி கண்ணுக்குத் தெரியும் முன்பே வேகம் குறைய ஆரம்பித்துவிடும். நான் இன்னும் ஐசிங் என்றுதான் நினைக்கிறேன்.

உலகசுற்றி07
13 காட்டுச்சு. மிக்சரைத் தொட்டதே இல்ல, கீபோர்டுல அதுக்கு பட்டனே வைக்கல.

தராசு
ஐசிங்கும் இல்லை, சிம் ரேட்டும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 172-இல் மொத்த எரிபொருள் 56 கேலன், பயன்படுவது 53. மணிக்கு 13 வீதம் போனால் 4 மணி 5 நிமிடம். 118 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தில் அதற்குள் 480 கடல் மைல் போகலாம். ஷெம்யா 565 மைல். நீங்கள் சொன்ன அதே இடத்தில்தான் விழுவீர்கள், காற்றைக்கூடக் குறை சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது இது. மிக்சருக்கு ஏற்ற, இறக்க என்று இரண்டு பொத்தான் ஒதுக்குங்கள். (உதவி அமைப்புகளில் தானியங்கி மிக்சர் உண்டு, ஆனால் நீண்ட லெக்கில் (பயணக் கட்டத்தில்) கையால் செய்வதே நல்லது.) பயண உயரத்தில் சமநிலைக்கு வந்ததும் ஜி1000-இல் இன்ஜின், பிறகு லீன் (கலவையில் எரிபொருளைக் குறைப்பது) பொத்தானை அழுத்துங்கள். சிலிண்டர்களின் புகைவெப்பம் பட்டைகளாக நிற்கும். மிக்சரைத் துளித்துளியாகப் பின்னுக்கு இழுத்தால் பட்டைகள் மெல்ல ஏறும், ஒரு கட்டத்தில் இறங்கத் தொடங்கும். அந்த உச்சிதான் மிகச் சிக்கனமான இடம். ஆனால் 75 சதவீத சக்திக்கு மேல் உச்சியில் வைக்கக் கூடாது. இறங்கும்போது மிக்சரைத் திரும்ப முன்னுக்குத் தள்ள மறந்தால் தாழ்வில் இன்ஜின் திணறும்.

லீன் செய்தாலும் 75 சதவீதத்தில் 8,500 அடியில் கையேடு தருவது 518 மைல்தான், 45 நிமிட இருப்பு வைத்து. 10,000 அடி, 45 சதவீதம் என்றால் 638. ஆக ஷெம்யா எட்டும், ஆனால் 95 நாட்டில் ஆறு மணி நேரம் ஊர வேண்டும். தரைவேகம் 84 நாட்டுக்குக் கீழே போனால் இருப்பில் கை வைக்கிறீர்கள் என்று அர்த்தம், அப்போது திரும்பிவிடுங்கள்.

ஓடுபாதை27
நேரா போக வேண்டிய அவசியமே இல்லையே. நடுவுல கமாண்டர் தீவுகள் இருக்கு. பேரிங் தீவுல நிகோல்ஸ்கோயேன்னு சின்ன விமான நிலையம். பெட்ரோபாவ்லோவ்ஸ்க்லேர்ந்து 293, அங்கேர்ந்து ஷெம்யா 320. லிட்டில் நேவ்மேப்னு பயணத் திட்ட வரைபட மென்பொருள் இலவசம்தான், அதுல வீச்சு வளையத்தை 450-க்குப் போட்டு ஒவ்வொரு நிலையத்துலயும் வச்சுப் பாருங்க, எந்த லெக் ஆகும் ஆகாதுன்னு கண்ணுலயே தெரிஞ்சுடும். எரிபொருள் வண்டி வரலைன்னா மேல் பட்டையில எரிபொருள் பக்கத்தைத் திறந்து நிரப்பிக்கலாம். 1924-ல அமெரிக்க ராணுவத்தோட டக்ளஸ் விமானங்கள் முதல்முறையா உலகைச் சுத்தினப்போ எதிர்த்திசையில வந்து இதே நிகோல்ஸ்கோயே கரையோரக் கடல்லதான் இறங்கினாங்க.

மூத்தகேப்டன்
வழி சரி. ஆனால் இப்படி வடக்காகவே சுற்றி வருவதை உலகப் பயணம் என்று சொல்லாதீர்கள். விமானச் சாதனைகளைப் பதியும் சர்வதேச அமைப்பான எஃப்.ஏ.ஐ.யின் விதிப்படி குறைந்தது 36,787.559 கிலோமீட்டர், அதாவது கடகரேகையின் நீளம் பறந்திருக்க வேண்டும். 55 டிகிரி அட்சரேகையில் முழு வட்டமே 12,400 கடல் மைல்தான், விதி கேட்பதோ 19,864.

நாலுமடங்கு
அது சாதனைப் பதிவுக்கான விதி சார். இவர் பதிவா கேட்டார்? எல்லாத் தீர்க்கரேகையையும் தாண்டி, கிளம்பின இடத்துக்கே வந்தா உலகம் சுத்தினதுதான்.

மூத்தகேப்டன்
ஒற்றை இன்ஜின் செஸ்னாவால் முடியாது என்றால் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் 1964-இல் அமெரிக்கப் பெண் விமானி ஜெர்ரி மாக் செஸ்னா 180-இல் தனியாகக் குவாம், வேக், ஹொனலூலு, ஓக்லாந்து என்று நடுப் பசிபிக்கையே தாண்டினார்.

தராசு
கேபினுக்குள் கூடுதல் டேங்க் வைத்துத் தாண்டினார். இவரிடம் இருப்பது 53 கேலன். தூரம் போதாது என்றால் அமெரிக்கா போனபின் தெற்கே இறங்கிக் கூட்டிக்கொள்ளலாம், அதற்காகக் கடலில் விழ வேண்டாம். அட்லாண்டிக்கிலும் இதே சிக்கல் வரும். கனடாவின் கூஸ் பேயிலிருந்து கிரீன்லாந்தின் நார்சார்சுவாக் 675, எட்டாது. கனடாவின் இக்காலுயிட்டிலிருந்து கிரீன்லாந்தின் நூக் 445, அங்கிருந்து கிழக்குக் கரையின் குலுசுக் 380, குலுசுக்கிலிருந்து ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் 400. நூக்–குலுசுக்கில் பனிப்பாறை மேடு உயரம், அதனால் 11,000 அடிக்குக் கீழே போகாதீர்கள்.

மேகக்கூட்டம்
அங்கே ஐசிங் நிச்சயம் வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உலகசுற்றி07
நிகோல்ஸ்கோயே வழியா போனேன். மிக்சர் இழுத்ததும் 13 இருந்தது 9-க்கு வந்துடுச்சு. ஷெம்யால இறங்கும்போது 27 கேலன் மிச்சம். எல்லாருக்கும் நன்றி.

ஓடுபாதை27
அடுத்து அலூஷியன்லயே அடாக் தீவு, 340 மைல். இரண்டு ஓடுபாதை இருக்கு, காற்று எந்தப் பக்கம்னு பார்த்துட்டு இறங்குங்க. அதுக்கும் கிழக்கே இருக்கிற டட்ச் ஹார்பருக்கு நேரா போறீங்களா, இல்ல அடாக்ல நிரப்புறீங்களா?